பர்கர் கடையில் ஓர் உபவாசம்

 

டோம்பிவிலியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டு மாதங்களாக என் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் எழுதியிருந்தது இதுதான்: "பாஸ்டர் ஐயா, என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். சனிக்கிழமை வந்துவிட்டால் பர்கர், ஃபிரைஸ், மில்க் ஷேக் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் ஊற்றுகிற தோசையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவன் அப்பாவோ, விசுவாசப் பிள்ளைக்கு மாலில் என்ன வேலை என்று கோபப்படுகிறார். நான் யார் பக்கம் நிற்பது?"

உடனே பதில் எழுதியிருக்கலாம். வசனங்களும் நினைவுக்கு வந்தன. ஆனால் ஐம்பது வயதைக் கடந்த நான் அதுவரை ஒரு பர்கரையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. ருசி பாராத உணவைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை. ஆகவே எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் பத்துப் பேரோடு நானும் என் மனைவியும், நான்கு சனிக்கிழமைகள் மாலை ஜெபம் முடிந்தபின், மும்பையின் கடைகளுக்குப் போய்வருவதென்று தீர்மானித்தோம். பர்கரின் ருசியை அறியப் போன எனக்கு ஆண்டவர் வேறொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தார். அது எனக்கு வெட்கமான பாடம். சம்பந்தப்பட்ட தம்பியின் சம்மதத்தோடு, அவன் பெயரைச் சொல்லாமல், அதை உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த உணவு வந்த வழி

நம்மில் மூத்தவர்கள் ஊரைவிட்டு இந்தப் பட்டணத்துக்கு வந்தபோது இவ்வகைக் கடைகள் இங்கே இல்லை. 1995-இல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கே.எஃப்.சி. தன் முதல் கடையைத் திறந்தது. 1996 அக்டோபரில் டில்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் வந்தது. அதே ஆண்டில் நம் பாந்த்ராவிலும் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் மாட்டிறைச்சியே பர்கரின் உயிர். இங்கேயோ மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாமலேயே அக்கடை தொடங்கிற்று. 'மகாராஜா மேக்' என்று முதலில் ஆட்டிறைச்சியிலும் பின்னர் கோழியிலும் பர்கர் செய்தார்கள். உருளைக்கிழங்கு டிக்கியை வைத்து ஒன்று செய்தார்கள். சைவச் சமையலுக்குத் தனி இடம், தனிப் பாத்திரங்கள், முட்டையில்லாத மயோனைஸ் என்று ஏற்பாடு செய்தார்கள். உலகத்தின் பெரிய வியாபாரிகள்கூட, தாங்கள் வந்த தேசத்தாருடைய மனச்சாட்சியைக் கேட்டறிந்து அடுப்பை மூட்டினார்கள்.

ஆனாலும் 2001-இல் ஒரு கலக்கம் உண்டாயிற்று. அமெரிக்காவில் விற்கப்பட்ட ஃபிரைஸில் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவைப்பொருள் சேர்க்கப்படுகிறது என்று செய்தி வந்தபோது, தானேயிலிருந்த கடையைச் சிலர் அடித்து நொறுக்கினார்கள். இந்தியாவில் விற்பதில் அது கிடையாதென்று நிறுவனம் அறிவித்தது. அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கோ, மன்னிப்பும் ஒரு கோடி டாலரும் தருவதாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டு 2002-இல் சமரசமாயிற்று. தட்டில் இருப்பது வெறும் உருளைக்கிழங்காயினும், அதைச் சுற்றி மனிதருடைய மனச்சாட்சி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம். இதை நான் பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொன்னேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மனச்சாட்சியைத்தான் நான் கவனிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை

புறப்படுமுன் எங்கள் மூப்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "பாஸ்டர், அந்த மாலின் மேல்மாடியில் சினிமா தியேட்டர் இருக்கிறது. நீங்கள் சாப்பிடப் போகிறீர்களா, படம் பார்க்கப் போகிறீர்களா என்று வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். எனவே எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதை ஞாயிறு ஆராதனையிலேயே சபைக்கு அறிவித்துவிட்டுத்தான் போனோம்.

பணம் விஷயத்தில் நான் ஒரு ஒழுங்கு வைத்தேன். அவரவர் சாப்பிடுவதற்கு அவரவர் கொடுக்க வேண்டும். ஒருவருக்கும் ஒருவர் பாரமாயிருக்கக் கூடாது. கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருந்தது.

எள் தூவிய பன்னை இரண்டாகப் பிளந்து, நடுவே பொரித்த கோழி, ஒரு லெட்யூஸ் இலை, வெங்காயம், மயோனைஸ் வைத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். காரத்துக்குப் பழகிய நம் நாவுக்கு முதல் கடி சப்பென்று இருக்கிறது. இரண்டாம் கடியில் பன்னின் இனிப்பும் கோழியின் உப்பும் சேர்ந்து வருகின்றன; மூன்றாம் கடியில் பிள்ளைகள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்பது விளங்கிவிடுகிறது. நான் பிடித்த பிடியில் மயோனைஸ் பின்பக்கமாக வழிந்து என் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "பாஸ்டர், காகிதத்தோடு சேர்த்துப் பிடியுங்கள்" என்று ஒரு சிறு பெண் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். ஊழியத்தில் எத்தனையோ ஆண்டுகள் ஆன பின்பு, பிள்ளைகளிடம் பாடம் கேட்டு அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

பத்துப் பேரில் ஒரு தம்பி மட்டும் எதுவும் வாங்கவில்லை. கேட்டதற்கு, "இன்றைக்கு உபவாசம் பாஸ்டர்" என்றான். நான் அவன் தோளில் கை வைத்து, மற்றவர்கள் எல்லாரும் கேட்க, "பாருங்கள், இத்தனை வாசனைக்கு நடுவிலும் உபவாசத்தைக் காத்துக்கொள்கிற வாலிபன்! இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதைத் தாழ்மை என்று எண்ணினேன்.

தாதரில் ஒரு மாலை

இரண்டாம் சனிக்கிழமை, நம் பட்டணத்தின் சொந்த பர்கரைப் பார்க்கப் போனோம். தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே 1966-இல் அசோக் வைத்யா என்பவர் வடா பாவைத் தொடங்கினார் என்று மும்பையில் சொல்வார்கள். ஓட்டத்திலேயே சாப்பிட வேண்டிய ஆலைத் தொழிலாளிக்கு அது ஏற்ற உணவாயிற்று. 1982-இல் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் வேலையிழந்தவர்கள் பலருக்கு இந்த வடைச் சட்டியே பிழைப்பாயிற்று.

"இருந்தாலும் பர்கர் மேல்நாட்டுச் சாப்பாடுதானே?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாவ் என்னும் ரொட்டியின் பெயரே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. மராத்தியில் உருளைக்கிழங்கைப் பட்டாட்டா என்கிறார்களே, அந்தச் சொல்லும் அவர்கள் தந்ததே. நம் அம்மாமார் மீன் குழம்பில் அரைத்துவிடுகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். அந்நிய உணவு என்று ஒன்றைத் தள்ளத் தொடங்கினால் நம் சொந்த அம்மியையும் கழுவிக் கவிழ்க்க வேண்டியிருக்கும்.

அன்றைக்கு அந்தத் தம்பி மூன்று வடா பாவ் சாப்பிட்டான். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் பூண்டுச் சட்னியின் பக்குவத்தைச் சொன்னான். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து அவனே பணம் கொடுத்தான், தடுத்தும் கேட்கவில்லை.

என் மனைவி கேட்ட கேள்வி

மூன்றாம் சனிக்கிழமை செம்பூரில் ஷேக்குக்குப் பெயர்பெற்ற ஒரு கடைக்குப் போனோம். பாலும் ஐஸ்கிரீமும் சாக்லேட்டும் கூடி, உறிஞ்சுகுழலில் எளிதில் ஏறாத அளவுக்குத் தடிப்பாயிருந்தது. ஒரு பெரிய கோப்பை குடித்தவனுக்கு இராச்சாப்பாடு வேண்டாம். பர்கர், ஃபிரைஸ், ஷேக் மூன்றும் சேர்த்து ஒருவருக்கு ஏறத்தாழ 350 ரூபாய் ஆயிற்று. அந்தத் தம்பி மறுபடியும் "உபவாசம் பாஸ்டர்" என்றான். ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நானோ இம்முறையும் அவனைப் பாராட்டினேன்.

அன்றிரவு வீடு திரும்பும்போது, மின்சார ரயிலில் என் மனைவி மெதுவாய்க் கேட்டார்கள்: "தாதரில் மூன்று சாப்பிட்ட பிள்ளைக்கு, கண்ணாடிக் கதவுக்குள்ளே போனால் மட்டும் உபவாசம் வருமா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அவனுடைய தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் தாராவியில் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கொடுக்கிறார்கள். கல்லூரிக்குப் போகுமுன் இவன்தான் அந்தப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய் விற்றுவருகிறான். ஒரு தட்டு 30 ரூபாய்க்கு விற்றால் அரிசி, உளுந்து, கேஸ் செலவு போக அவர்கள் கையில் நிற்பது 10 ரூபாய். நான் பிள்ளைகளை உட்கார வைத்த மேசையில் ஒரு நாற்காலியின் விலை 35 தட்டு இட்லி. இந்தக் கணக்கைப் போட எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அவன் மெனு பலகையைப் பார்த்த மாத்திரத்தில் போட்டுவிட்டான்.

கொரிந்துவின் பந்தி

அந்த இரவு எனக்கு உறக்கமில்லை. பர்கரைக் குறித்துச் சகோதரிக்குப் பதில் எழுத நான் குறித்து வைத்திருந்தது 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரமும் 10-ஆம் அதிகாரமும். எது சுத்தம், எது தீட்டு, யாருக்கு இடறல் என்று அங்கே வாசிக்கிறோம். கர்த்தர் என்னை 11-ஆம் அதிகாரத்துக்குக் கொண்டுபோனார்.

கொரிந்து சபையார் கர்த்தருடைய பந்திக்காக ஒன்றுகூடினபோது சேர்ந்து உணவும் அருந்தினார்கள். வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒன்றுமில்லாதவர்கள் பசியோடே நின்றார்கள். அடிமைகளும் கூலியாட்களும் எஜமான் விட்ட நேரத்தில்தானே வர முடியும்? அக்காலத்து ரோமர் வீடுகளின் போஜன அறையில் பொதுவாக ஒன்பது பேர்தான் சாய்ந்து உட்கார முடியும். மற்றவர்கள் வெளிமுற்றத்தில் நின்றிருப்பார்கள் என்று வேத ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். இதைக் குறித்து உங்களைப் புகழ மாட்டேன் என்ற கருத்தைப் பவுல் அந்த அதிகாரத்தில் இரண்டு முறை எழுதுகிறார். இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்கள் என்று கடிந்துகொள்கிறார்.

பிரியமானவர்களே, பவுல் புகழ மறுத்த இடத்தில் நான் இரண்டு தரம் புகழ்ந்தேன். ஒரு பிள்ளையின் வறுமைக்கு உபவாசம் என்று பெயரிட்டு, அதை மற்ற பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகவும் காட்டினேன். மாலைக் குறித்து மூப்பர் கேட்டார். கோழியைக் குறித்து இன்னொருவர் கேட்டார். உடுப்பைக் குறித்து ஒரு தாயார் கேட்டார்கள். சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவன் யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை தாராவிக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அந்தத் தாயார் நான்கு இட்லியைத் தட்டில் வைத்து, சாம்பாரை ஊற்றி, "முதலில் சாப்பிடுங்கள் ஐயா" என்றார்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார ஒரு விலையும் இல்லை. சாப்பிட்டுக் கைகழுவிய பின்பு தம்பியோடு வெளியே சந்துக்கு வந்தேன். "தம்பி, என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் பதறிப்போனான். "ஐயோ பாஸ்டர், பொய் சொன்னது நான்தானே. நான்தான் ஆண்டவரிடத்தில் அறிக்கையிட வேண்டும்" என்றான்.

"அதை நீ ஆண்டவரிடத்தில் சொல்லு. ஆனால் நீ பொய் சொல்லும்படியாக மேசையைப் போட்டவன் நான். அதற்கு நான் உன்னிடத்தில் கேட்க வேண்டும்" என்றேன். இருவரும் அங்கேயே நின்று ஜெபித்தோம். சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு எங்களை விலகிப் போனார்கள்.

நான்காம் சனிக்கிழமை

அதன்பின் ஒழுங்கை மாற்றினோம். வாலிபர் ஜெபம் நடக்கிற அறையின் கதவண்டை மூடியுள்ள ஒரு டப்பாவை வைத்தோம். வாரம் முழுதும் அவரவர் தங்களால் இயன்றதை அதில் போடலாம், போடாமலும் இருக்கலாம். யார் எவ்வளவு என்று எவருக்கும் தெரியாது. சனிக்கிழமை அதைத் திறந்து, அதில் உள்ளதைக்கொண்டு எல்லாருக்கும் போதுமானதை வாங்குவது. போதாவிட்டால் வடா பாவ். இதுதான் ஒழுங்கு.

நான்காம் சனிக்கிழமை ஆறு பர்கர் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிப் பன்னிரண்டு பேரும் பகிர்ந்தோம். நான்கு பொட்டலம் ஃபிரைஸைத் தட்டில் கொட்டி நடுவில் வைத்தோம். மூன்று ஷேக்கைச் சிறு டம்ளர்களில் ஊற்றிக் குடித்தோம். இட்லிக்காரத் தாயின் மகனல்லவா, அந்தத் தம்பியின் ருசிப்பேச்சு எங்கள் எல்லாருக்கும் விருந்தாயிருந்தது. "பன் நம் பாவ்தான் பாஸ்டர், கொஞ்சம் சர்க்கரை கூட. ஆனால் இந்த உருளைக்கிழங்கு அருமை. வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. சூடு ஆறினால்தான் உயிர் போய்விடுகிறது; எங்கள் இட்லி அப்படியில்லை" என்றான்.

அவன் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஃபிரைஸுக்கு நீர் குறைந்து மாவுச்சத்து மிகுந்த கிழங்கு வேண்டும். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே 'குஃப்ரி ஃபிரைசோனா' என்னும் ரகத்தை உண்டாக்கியிருக்கிறது. தொழிற்சாலையில் ஒருமுறை பாதியளவு பொரித்து உறையவைத்து அனுப்புவார்கள். கடையில் இரண்டாம் முறை பொரிப்பார்கள். அதனால்தான் அந்த மொறுமொறுப்பு. உள்ளேயிருக்கும் ஈரம் சில நிமிடங்களில் வெளித்தோலுக்கு வந்துவிடும்போது தளர்ந்துபோகிறது. ஆகவே வாங்கிய உடனே, நன்றி சொல்லி, பகிர்ந்து சாப்பிட்டுவிட வேண்டும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

சகோதரிக்குப் பதில்

அன்பான சகோதரியே, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பர்கர் தன்னிலே தீட்டுள்ளதல்ல. தேவன் படைத்ததை ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொள்ளலாம் என்பதை 1 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதாயிற்றே என்று நம் சபைகளில் சிலர் கலங்குகிறார்கள். கொரிந்துவின் இறைச்சிச் சந்தையில் கோயில் வழியாய் வந்த இறைச்சியும் விற்கப்பட்டது. அங்கே விற்பதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடப் பவுல் அனுமதித்தார் (1 கொரிந்தியர் 10:25). அதே அதிகாரத்தில், கூட உட்கார்ந்திருக்கிறவனுடைய மனச்சாட்சி கலங்கினால் விட்டுவிடவும் சொன்னார். உங்கள் கணவர் மனம் கலங்குகிற இடத்தில் அவரோடு வாதாட வேண்டாம். மாலுக்குப் பதிலாகத் தெருவோரக் கடைக்கு மூவரும் சேர்ந்து போங்கள்.

சரீரத்தையும் நினையுங்கள். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மிஞ்சக் கூடாதென்று நம் நாட்டில் 2022 முதல் சட்டம் உண்டு, அது நல்லது. ஆனால் உப்பும் சர்க்கரையும் நம் கையில்தான் இருக்கின்றன. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவாகவே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரந்தோறும் வேண்டாம், மாதத்துக்கு ஒருமுறை போதும். ஷேக்கைச் சிறிய கோப்பையில் வாங்குங்கள்.

வீட்டிலும் ஒருமுறை செய்து பாருங்கள். பேக்கரி பன்னைத் தோசைக்கல்லில் நெய் தடவிச் சூடாக்கி, உருளைக்கிழங்கு மசாலாவைத் தட்டையாய்த் தட்டி ரவையில் புரட்டிப் பொரித்து நடுவில் வைத்து, கொத்தமல்லிச் சட்னியைத் தடவிக் கொடுங்கள். தோசையைத் திரும்பிப் பாராத மகன் அடுப்படிக்கு வருவான். வந்தால் பேசுவான். பிள்ளைகள் எதிரே உட்காரச் சொன்னால் பேசுவதில்லை. பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிக்கும்போது பேசுகிறார்கள்.

இவையெல்லாவற்றிலும் முக்கியமாக, உங்கள் மகனிடத்தில் ஒன்றைக் கேளுங்கள். "நீங்கள் நண்பர்களாய்ப் போகிறபோது எவனாவது எனக்குப் பசியில்லை என்று சொல்கிறானா?" என்று கேளுங்கள். அப்படி ஒருவன் இருப்பான். வயிற்றுவலி என்பான், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பான், நம் பிள்ளைகள் நடுவில் உபவாசம் என்பான். அவனை எல்லார் முன்பாகவும் விசாரிக்க வேண்டாம். அவனுக்கு வாங்கிக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். ஒன்றை வாங்கிப் பாதியாய் வெட்டி, "எனக்கு இவ்வளவு முடியாது, நீ பாதி எடுத்துக்கொள்" என்று சொல்ல உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுங்கள். இதைக் கற்றுக்கொண்டவன் எந்தக் கடைக்குப் போனாலும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

போதகர்களுக்கும் வாலிபர் தலைவர்களுக்கும் ஒரு சொல். சுற்றுலா, முகாம், பிறந்தநாள், கிறிஸ்மஸ் உடுப்பு என்று ஐக்கியத்தின் பேரில் நாம் எத்தனையோ மேசைகளைப் போடுகிறோம். அந்த நாற்காலியின் விலை என்னவென்று முதலில் கணக்குப் போடுவோம். வராமல் நின்றுவிட்ட பிள்ளையைப் பின்வாங்கிப்போனவன் என்று சொல்லுமுன் ஒருதரம் அந்த வீட்டுக்குப் போய்வருவோம்.

ஜெபிப்போம்

அன்பின் பரலோகப் பிதாவே, பட்டணத்தில் எங்களுக்கு அப்பம் தருகிறவரே, உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் மேசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறவர்களைக் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். நாங்கள் வெட்கப்படுத்தினவர்களிடத்தில் மன்னிப்புக் கேட்கும் தாழ்மையைத் தாரும். அதிகாலையில் அடுப்பு மூட்டுகிற தாய்மாரையும், கடைகளில் நின்று பரிமாறுகிற, வண்டியில் உணவு சுமக்கிற எங்கள் வாலிபப் பிள்ளைகளையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.